பல் பிடுங்கும் முன் ஒரு வார்த்தை

இந்த முறை புதுச்சேரிப் பள்ளிக்கூடக் கதை இல்லை. பல்லைப் பற்றி எழுதப் போகிறேன். 'எழுபதுக்கு மேல் ஆனவருக்குப் பல்லைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, இருந்தால்தானே?' என்று சிரிக்க வேண்டாம். எனக்கு இன்னும் பத்தொன்பது பற்கள் இருக்கின்றன. என் சம்பந்திக்குப் பல்லோடு தாடையில் ஒரு துண்டும் போய்விட்டது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

சம்பந்தி ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். டேனரி வாசத்துக்கு வெற்றிலை, புகையிலை போட்டால்தான் உட்கார முடியும் என்று ஆரம்பித்த பழக்கம். 2021ல் கீழ்த்தாடையில் இடதுபுறக் கடைவாய்ப் பல் ஆடுகிறது, ஈறு வீங்கியிருக்கிறது என்று சொன்னார். நான்தான் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி அனுப்பி வைத்தேன். அதற்கு முந்தைய வருடம் என் ஈறுக்கு அங்கே லேசர் வைத்தார்கள். ரத்தம் இல்லை, தையல் இல்லை, மாலையில் இட்லி சாப்பிட்டேன். அந்த உற்சாகத்தில் ஊரில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தேன்.

அங்கே அவருக்கும் ஈறில் லேசர் வைத்தார்கள். பல் நிற்காது என்று தெரிந்ததும் பிடுங்கிவிட்டார்கள். பத்து நாளில் ஆற வேண்டிய குழி ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மூன்றாவது மாதம் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஈறுக்கு நடுவே அரிசி நிறத்தில் எலும்பு தெரிந்தது. வாயில் நாற்றம், காது வரை குத்தல். சர்க்கரையா என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. அப்போதுதான் சம்பந்தியம்மா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னார்கள். 2013ல் அவருக்கு நாக்கின் ஓரத்தில் புற்று வந்து, 33 நாள் கதிர்வீச்சு கொடுத்துக் குணமாகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு அவர்கள் பெண்ணைக் கொடுத்தது 2014ல். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்து எங்களிடம் மறைத்திருக்கிறார்கள். பல் ஆஸ்பத்திரியிலும் அதே பழக்கத்தில் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது உண்மை. மூன்றாம் நாள் யோசித்தேன். பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார்? நான் அவர் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேனா? என் மனைவி, 'நீங்களா? ஜாதகத்தில் செவ்வாய் இருப்பதையே ரெண்டாவது பக்கத்தில் தானே வைத்துக் கொடுத்தீர்கள்' என்றாள். அத்தோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வராத இரவுகளில் இது என்ன நோய் என்று படிக்க ஆரம்பித்தேன். ஆஸ்டியோ ரேடியோ நெக்ரோசிஸ் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கதிர்வீச்சால் எலும்பு செத்துப் போவது என்று அர்த்தம். இதை முதலில் விவரித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், அதுவும் 1922லேயே, என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். சின்ன வயதில் பிரெஞ்சில் படித்ததற்கு அலுவலகத்தில் ஒரு நாளும் பலன் கிடைத்ததில்லை. இப்போதாவது கிடைத்தது.

அவர் பெயர் க்ளோடியஸ் ரெகோ. 1870ல் லியோன் நகரில் பிறந்தவர். பாரிஸில் மேரி க்யூரி அம்மையாரின் ரேடியம் நிறுவனத்தில் க்யூரி பௌதிகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, உயிரியல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் இவர். ஆட்டுக்கிடாவை வைத்து இவர் செய்த சோதனை வேடிக்கையானது. கிடாவின் விதையைக் கதிர்வீச்சால் மலடாக்க வேண்டும். ஒரே நாளில் முழு அளவும் கொடுத்தால் மேல்தோல் வெந்துவிடுகிறது. அதையே சில வாரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் விதை மலடாகிறது, தோல் தப்பிக்கிறது. இன்றைக்குப் புற்றுநோயாளியை 'முப்பத்து மூணு நாள் வாங்க' என்று அலைய விடுகிறார்களே, அந்த யோசனையின் வேர் அங்கே இருக்கிறது. அவருடைய சகா ஆன்ரி குத்தார் தொண்டைப் புற்றுக்கு இந்த முறையைக் கையாண்டு ஆட்களைப் பிழைக்க வைத்தார். பிழைத்தவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு செத்தது. நோய் போன பிறகு வரும் நோயை ரெகோ அப்போதே எழுதி வைத்தார். நூறு வருடம் ஆகிவிட்டது. ஆற்காடு பக்கத்துக்கு அந்தச் செய்தி இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்பதுதான் என் புகார்.

பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நேராகப் பதிந்திருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று மெத்தை மாதிரி இருக்கிறது. அந்த நாரின் ஒரு முனை வேரின் மேல்பூச்சிலும் மறுமுனை எலும்பிலும் பிடித்திருக்கிறது. முறுக்கு கடிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது இதுதான். தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு என்றால் பொதுவாக தினம் 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 60 முதல் 70 கிரே வரை போகும். கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் படி என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த அளவில் புற்று சாகும்போது வழியிலிருக்கும் நல்ல உடம்பும் அடி வாங்குகிறது. மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் குறைகின்றன. நார்ப்படலம் ஒழுங்கு குலைந்து இறுகுகிறது, வேரின் மேல்பூச்சு தன்னைத்தானே பழுது பார்க்கும் திறனை இழக்கிறது. டேனரி ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தையில் சொன்னால், உயிரோடு இருக்கும்போதே பதனிட்ட தோல் மாதிரி ஆகிவிடுகிறது. சம்பந்தியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவன் நான். உவமைக்காகச் சொல்லவில்லை.

மேல்தாடைக்குப் பல வழிகளில் ரத்தம் வருகிறது. கீழ்த்தாடைக்குப் பெரும்பாலும் உள்ளே ஓடும் ஒரே நாளம்தான் ஆதாரம். அதனால்தான் இந்த வியாதி கீழ்த்தாடையைத்தான் அதிகம் பிடிக்கிறது. சும்மா இருக்கும் வரை எலும்பு எப்படியோ காலம் தள்ளும். பல்லைப் பிடுங்கிக் காயம் உண்டாக்கினால், அதை ஆற்ற அதனிடம் சரக்கு இல்லை. ஐந்து வருடம் ஆயிற்று, பத்து வருடம் ஆயிற்று, இனி பயமில்லை என்ற கணக்கு இதில் செல்லாது. சம்பந்தி மாட்டிக்கொண்டது எட்டு வருடம் கழித்து.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011ல் வெளியான கட்டுரை ஒன்றின்படி, கதிர்வீச்சு வாங்கியவர்களில் பல் பிடுங்கிக்கொண்ட நூறு பேரில் சுமார் ஏழு பேருக்குத்தான் இப்படி ஆகிறது. மற்றவர்களுக்கு ஆறிவிடுகிறது. ஆனால் அந்த ஏழில் ஒருவர் நம் வீட்டில் இருந்தால் ஏழு என்பது சின்ன எண்ணாகத் தெரியாது.

இன்னொரு சங்கடம் எச்சில். கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் சுட்டுவிடுகிறது. ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் எச்சில் ஊறுகிறது. அது வற்றினால் பல்லைக் கழுவ ஆளில்லை. சொத்தை வழக்கமாக வருகிற இடத்தில் வராமல் பல்லின் கழுத்தில், ஈறுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் தோசை கடிக்கும்போது பல் மரக்கிளை மாதிரி முறிந்து விழும். வேர் உள்ளே நிற்கும். அப்போதுதான் பிடுங்க வேண்டிய நிலை வருகிறது. அதாவது கதிர்வீச்சே பல்லைக் கெடுத்து, அதைப் பிடுங்கவும் விடாமல் செய்கிறது. இந்தக் கொடுமையை யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா?

குழந்தைகளுக்கு வேறு விதம். வேர் வளர்ந்து முடியும் முன்பே தாடைக்குக் கதிர்வீச்சு கொடுக்க நேர்ந்தால் வேர் குட்டையாக, கூம்பிப் போய் நின்றுவிடும். சில பல் முளைக்காமலே போகும். பேரப்பிள்ளைகளில் யாராவது சிகிச்சையில் இருந்தால் பல் டாக்டரையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

இனி லேசருக்கு வருகிறேன். சம்பந்திக்கு நடந்ததற்கு லேசர் காரணமில்லை, பிடுங்கியதுதான் காரணம். ஆனால் 'லேசர்' என்று பலகையைப் பார்த்ததும் இங்கே எந்த ஆபத்தும் கிடையாது என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். நம் ஊரில் லேசரையும் கதிர்வீச்சையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. லேசர் என்பது ஒளி. அது உயிரணுவின் உள்ளே புகுந்து எக்ஸ்ரே மாதிரி உடைப்பதில்லை. அதன் வேலை பெரும்பாலும் சூடு.

சூட்டில்தான் வம்பு. 1960ல் அமெரிக்காவில் மேமன் முதல் லேசரைச் செய்தார். சில வருடத்திலேயே அதைப் பல்லில் காட்டிப் பார்த்தார்கள், சூடு தாங்கவில்லை. 1965ல் குரங்குகளின் பற்களை வைத்து ஜாக், கோஹன் என்ற இருவர் சோதித்தபோது, பல்லின் உள்ளே இருக்கும் கூழ் போன்ற உயிர்ப்பகுதி 5.5 டிகிரி கூடுதலாகச் சூடானாலே நூற்றுக்குப் பதினைந்து பற்கள் திரும்ப முடியாதபடி கெட்டுப்போயின. எலும்புக்கு 47 டிகிரிச் சூடு ஒரு நிமிடம் பட்டால் போதும், அது கெடும் என்று 1983ல் ஸ்வீடனில் முயல்களை வைத்துக் காட்டினார்கள். காய்ச்சலில் கொதிக்கும் உடம்புக்கும் அந்த 47க்கும் அதிக தூரமில்லை. சிலவகை லேசரைத் தண்ணீர் தெளிக்காமல் வேரின் மேல் ஓட்டினால் அது கருகும், உருகும், விரிசல் விடும். கருகிய வேரை ஈறு மறுபடி ஒட்டிப் பிடிக்காது. தண்ணீரோடு வேலை செய்யும் எர்பியம் வகை வந்தபின் நிலைமை மாறியது. பல்லின் கடினப் பகுதியில் அதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 1997ல்தான் அனுமதி கிடைத்தது.

ஆகவே லேசர் நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டால், எந்த லேசர், எந்த அளவு, யார் கை என்று திருப்பிக் கேட்பேன். என் ஈறுக்கு நல்லதாக முடிந்தது. ஆனால் சாதாரணமாகக் கருவியால் பல் சுத்தம் செய்வதை விட லேசர் வெகுவாக உயர்ந்தது என்பதற்குப் பெரிய சாட்சியம் இல்லை என்று அமெரிக்காவின் ஈறு மருத்துவர் சங்கமே சொல்கிறது. கூடக் கொடுத்த பணத்துக்கு ரத்தம் வராத சௌகரியம் கிடைத்தது, அவ்வளவுதான்.

கதிர்வீச்சு நோயாளிகளுக்கே உதவும் லேசரும் இருக்கிறது. சூடே இல்லாத, மிகக் குறைந்த சக்தி லேசர். 1967ல் ஹங்கேரியில் மெஸ்டர் என்ற டாக்டர் எலியின் முதுகை மழித்து இந்த ஒளியைக் காட்டியபோது முடி வேகமாக முளைத்ததாம். கதிர்வீச்சின்போது வாய் முழுக்கப் புண்ணாகி, எச்சில் கூட விழுங்க முடியாமல் நோயாளிகள் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிப்போவதுண்டு. அந்தப் புண்ணை இது குறைக்கிறது. நம் பக்கத்திலேயே மணிப்பாலில் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வில், லேசர் பெற்றவர்களுக்குப் புண்ணும் வலியும் குறைந்திருந்தன. இப்போது உலக வழிகாட்டு நெறிகளிலும் சேர்ந்துவிட்டது. இந்த லேசருக்கு எந்தப் பலகையும் இல்லை. கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சைக்கு நம் மாவட்டத்தார் வேறு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1900ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் சிஎம்சி இருக்கிறது. 2022ல் ராணிப்பேட்டைப் பக்கத்திலும் அதன் வளாகம் வந்துவிட்டது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ல் தொடங்கிய புற்றுநோய் நிலையம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கதிர்வீச்சும் உண்டு. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றில் வாய்ப்புற்றுதான் முதலிடம் என்பதால் எங்கேயும் வரிசை நீளம்தான். புகையிலை இல்லாத வெறும் பாக்கு, வெற்றிலையும் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்று ஆராய்ச்சி நிலையம் 2004லேயே சொல்லிவிட்டது. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டும்போது இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். நானே ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்கிறவன்தான்.

என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். முதலாவது, தலை, கழுத்தில் கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் டாக்டர் பார்த்தே தீர வேண்டும். காப்பாற்ற முடியாத பல்லை இரண்டு, மூன்று வாரம் முன்பே எடுத்துவிட்டால் கதிர்வீச்சுக்கு முன் குழி ஆறிவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்கிறார்கள். ஆனால் புற்று என்ற வார்த்தை காதில் விழுந்த குடும்பம் 'பல்லா முக்கியம், முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்று அவசரப்படுத்தும். அந்த இரண்டு வாரத்தைப் பொறுக்க வேண்டும். உயிர் பிழைத்தவர் இருபது வருடம் சாப்பிட வேண்டுமே.

அடுத்தது காகிதம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன். டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாம் எழுதியிருக்கிறதே என்றார் ஒரு டாக்டர். சம்பந்தியின் பழைய சம்மரியை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஆர்.டி., அதன் பக்கத்தில் 66, ஒரு சாய்வுக்கோடு, 33. அவ்வளவுதான். அதற்கு அறுபத்தாறு கிரே, முப்பத்து மூன்று தவணை என்று பொருள் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கணக்குப் பிள்ளையான அவரோ அது ஏதோ பில் நம்பர் என்று நினைத்திருந்தார். வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரியாத நோட்டீஸை எங்கள் ஆபீசில் சார்வு ஆனதாக ஒப்புக்கொள்ள மாட்டோம்.

பல் டாக்டர்களும் கேட்க வேண்டும். அந்தப் பல் ஆஸ்பத்திரியில் நிரப்பக் கொடுத்த தாளில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இருதயம் எப்படி என்று கேள்விகள் இருந்தன. கதிர்வீச்சுக்கு ஒரு வரி இல்லை. ஒரு வரி சேர்க்க என்ன செலவு? கூடவே எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ போடுகிறீர்களா என்றும் கேட்கலாம். அந்த மருந்துகளில் சிலவும் பல் பிடுங்கிய இடத்தில் தாடையைக் கெடுப்பதுண்டு, நம் வயதுப் பெண்கள் பலர் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டிருந்தால் டாக்டர் பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து, மேலே தெரியும் பாகத்தை ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டு, வேரை அப்படியே உள்ளே விட்டிருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பல் எக்ஸ்ரே எடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்னப் படத்தில் வரும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் நமக்குச் சும்மா வந்து சேரும் கதிரின் அளவுதான். மேலே நான் சொன்ன கதை அதைப் பற்றியது அல்ல.

சம்பந்திக்கு இரண்டு வருடம் போயிற்று. பெண்டாக்ஸிஃபிலின் மாத்திரையும் வைட்டமின் ஈ மாத்திரையும் மாதக்கணக்கில் கொடுத்தார்கள். இந்தச் சேர்க்கையைத் தாடைக்குப் பரப்பியவரும் பாரிஸைச் சேர்ந்த தெலானியான் என்ற பெண் டாக்டர். அழுத்தப்பட்ட பிராணவாயு அறையில் உட்கார வைக்கும் சிகிச்சையைப் பற்றியும் விசாரித்தோம். அது முன்பு பெரிதாகப் பேசப்பட்டது. பல் பிடுங்கும்போது முன்னெச்சரிக்கையாகக் கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை என்று பிரிட்டனில் 2019ல் ஒரு ஆய்வு வந்திருப்பதால் டாக்டர்களே வற்புறுத்தவில்லை. கடைசியில் செத்த எலும்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். இடது கன்னம் சற்று உள்வாங்கிவிட்டது. கேழ்வரகுக் கூழ், குழைந்த சாதம், ரசம் என்று ஓடுகிறது. பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடிக்கிறார். மீதமிருக்கும் பற்களுக்கு ராத்திரி ஃப்ளோரைடு ஜெல்லைத் தட்டில் வைத்துப் போட்டுக்கொள்கிறார். பேத்தி அதைத் 'தாத்தாவின் பல் ஐஸ்கிரீம்' என்கிறாள்.

நான் பழைய பழக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'எனக்கு 2013ல் நாக்குப் புற்றுக்குக் கீழ்த்தாடை, கழுத்துப் பகுதியில் 66 கிரே, 33 தவணை கதிர்வீச்சு தரப்பட்டது. சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியைக் கேட்காமல் என் பல்லைப் பிடுங்க வேண்டாம்.' கீழே ஆஸ்பத்திரி எண்ணும் வீட்டுப் போன் நம்பரும். கலவை பஜாரில் லாமினேஷன் செய்ய இருபது ரூபாய் வாங்கினார்கள். சம்பந்தியம்மா முதலில் தயங்கினார்கள், சட்டைப் பையிலிருந்து யாராவது எடுத்துப் பார்த்தால் என்ன ஆவது என்று. இரண்டாவது பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிவிட்டதே சம்பந்தியம்மா, இனி யார் பார்த்தால் என்ன என்றேன்.

போன மாதம் பல் சுத்தம் செய்யப் போனவர் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து நீட்டினாராம். இளம் டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, போனில் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார். 'எங்க சம்பந்தி, பாண்டிச்சேரி கவர்மெண்ட்ல குமாஸ்தாவா இருந்தவர்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வாசகம் வேண்டுவோர் மேலே இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், வருடத்தையும் அளவையும் மட்டும் உங்கள் சம்மரியைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.